எல்.ஐ.சி. கேட்டதை காலேஜ் ஏன் கேட்கவில்லை?

கல்லூரி அணியில் ஆடப்போகிற பிள்ளைகள் டாக்டரிடம் உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்று பல கல்லூரிகளில் கேட்கிறார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அந்தச் சான்றிதழ் எப்படி வாங்கப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒழுங்காக வாங்குங்கள், முடியாது என்றால் கேட்காமலே விட்டுவிடுங்கள். காகிதம் இல்லையென்றால் பெற்றவர்களுக்கு ஒரு கவலையாவது இருக்கும். காகிதம் வந்துவிட்டால் அந்தக் கவலையும் போய்விடுகிறது, பிள்ளையின் உடம்பு மட்டும் முன்னால் இருந்த மாதிரியே இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் 33 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ் என்று வேலை பார்க்கிற ஜனங்களை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்த அனுபவம் மட்டும்தான் எனக்கு உண்டு. எந்தச் சீட்டுக்கு டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார், எந்தச் சீட்டுக்குக் குனிந்தபடியே கையெழுத்துப் போடுவார் என்பது அந்த ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு நன்றாகவே தெரியும்.

போன வருடம் ஜூலையில் மகள் வயிற்றுப் பேத்தி, பி.காம். முதல் வருடம், வாலிபால் டீமில் எடுத்திருக்கிறார்கள் என்று குதித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பாரம். "தாத்தா, நாளைக்குள்ள டாக்டர் கையெழுத்து வேணுமாம். இல்லன்னா டீம் லிஸ்டுல பேர் போகாதாம்." சரி வா என்று கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஊர், எந்த டாக்டர் என்பதெல்லாம் வேண்டாம். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த உதவியாளர் பெண்ணே பாரத்தில் பெயர், வயது, தகப்பனார் பெயரை நிரப்பிவிட்டாள். உள்ளே போனோம்.

"என்ன கேம்மா?"

"வாலிபால் சார்."

"வெரி குட்."

கையெழுத்து, முத்திரை, நூறு ரூபாய். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கிடந்தது. அது கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "டாக்டர், பிரஷராவது பாத்துரலாமே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "விளையாடுற பிள்ளைக்கு என்னய்யா வரப்போகுது? வேணும்னா உங்களுக்குப் பாத்துவிடுதேன்" என்றார். நல்ல மனுஷர்தான். சொன்னபடி எனக்குப் பார்க்கவும் செய்தார். 150-க்கு 90!

வீட்டுக்கு வந்து அந்தப் பாரத்தை நிதானமாகப் படித்தேன். மேல் பாதியில் இன்னார் மகள் இன்னார் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ள உடல் தகுதி உள்ளவர் என்று ஒரே வரி. எதைப் பரிசோதித்தார்கள் என்று எழுத இடமில்லை. கீழ்ப் பாதி பெற்றோருக்கு. ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் கல்லூரி நிர்வாகம் எந்த விதத்திலும் பொறுப்பல்ல என்று சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பகுதி ஐந்து வரி, ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதியிருந்தார்கள். மேல் பாதிக்கு ஒரு வரி, கீழ்ப் பாதிக்கு ஐந்து வரி. பாரம் யாருக்காக அச்சடிக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் பின்னால் போய் யோசித்துப் பாருங்கள். எல்.ஐ.சி. பாலிசி எடுத்தபோது என்ன செய்தார்கள்? பெரிய தொகை என்றால் அவர்களுடைய பேனல் டாக்டரிடம் அனுப்புவார்கள். உயரம், எடை, நெஞ்சளவு, வயிற்றளவு, நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் உண்டு. அதெல்லாம் போக ஒரு கட்டம் இருக்கும். தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால் எத்தனை வயதில் இறந்தார்? எதனால் இறந்தார்? தாயார்? உடன் பிறந்தவர்கள்? ஏஜெண்ட் அண்ணாச்சி பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுவார். நம் வீட்டுச் சாவுகளைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை? அக்கறை பணத்தின் மேல். பாலிசிதாரர் சீக்கிரம் செத்தால் கார்ப்பரேஷன் பணம் கொடுக்க வேண்டும்.

ஓடியாடுகிற ஒரு பிள்ளையிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுவேதான். இளம் வயதில் ஆட்டக்களத்தில் சுருண்டு விழுந்து இறப்பதற்குக் காரணமான இருதயக் கோளாறுகளில் பல, குடும்பத்தில் வழிவழியாக வருபவை. இருதயத் தசை தடித்துப் போகும் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி ஒன்று. இருதயத்தின் மின்னோட்டத்தில் பிசகு உள்ள நோய்கள் சில. அதில் ஒரு வகை, நீந்தும்போது தாக்கும். நம் பக்கம் கிராமங்களில், நன்றாக நீச்சல் தெரிந்த வாலிபன் கிணற்றில் குளிக்கும்போது செத்துப்போனால் என்ன சொல்வார்கள்? "முனி அடிச்சிருச்சு." ஒரே வீட்டில் இரண்டு சாவு என்றால் குடும்பத்துக்கே சாபம் என்பார்கள். அத்தனையும் நீச்சல் தெரிந்த இருதயம் நின்றதால் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "முப்பது வயசுல எங்க சித்தப்பா கெணத்துல செத்துட்டாரு" என்று ஒரு பையன் சொன்னால் எந்த டாக்டருடைய பேனாவும் ஒரு நிமிஷம் நிற்கும். கேட்டால்தானே அவன் சொல்வான்.

நம் நாட்டுக்கென்றே இன்னொன்று இருக்கிறது. சின்ன வயதில் தொண்டைப்புண், காய்ச்சல், பிறகு மூட்டு மூட்டாக வீக்கம். அது கவனிக்காமல் விட்டால் இருதய வால்வைக் கடித்துவிடும். ருமாட்டிக் இருதய நோய். 21 நாளைக்கு ஒருமுறை பெனிட்யூர் ஊசி போட வருகிற பிள்ளைகளுக்கு நான் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கிரவுண்டில் மற்றப் பிள்ளைகளோடு ஓடும். அந்த வால்வின் இரைச்சல் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் பெரும்பாலும் கேட்கும். கழுத்தில் தொங்கவிட்டால் கேட்காது.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற வரைக்கும் இதைப் பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வேனில் வந்து பிறவி இருதயக் கோளாறு, ருமாட்டிக் இருதய நோய் எல்லாம் பார்க்கிறது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கண்டுபிடித்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஆனால் அது 18 வயது வரைக்கும்தான். காலேஜ் கேட்டைத் தாண்டினால் வேன் வராது. வாரம் ஒரு இரும்புச்சத்து நீல மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். காலேஜில் அதையும் யாரும் நீட்டுவதில்லை. ஆட்டம் கடுமையாகிற வயதில் கவனிப்பு நின்றுபோகிறது.

இனி மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்து மதுரை மாவட்டத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டி.வி.யில் பார்க்கிறோம். 2017-இல் போட்ட விதிகளின்படி காளைக்குக் கால்நடை டாக்டர் பார்த்துத் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். மாடுபிடி வீரர்களை வரிசையில் நிறுத்தி எடை, ரத்த அழுத்தம் பார்த்து, சாராய வாடை அடித்தால் வெளியே அனுப்புகிறார்கள். கலெக்டர் முன்னால் நிற்கிறார், கோர்ட் பின்னால் நிற்கிறது, அதனால் ஒழுங்காக நடக்கிறது. காளைக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதியாவது காலேஜ் கபடி டீம் பையனுக்குக் கிடைக்கக்கூடாதா? 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் கபடி ஆட்டத்தில் ஒரு கல்லூரி மாணவன் ரெய்டு போன இடத்திலேயே விழுந்து இறந்ததை நம்மில் பலர் செல்போனில் பார்த்தோம். "ஐயோ பாவம்" என்று அடுத்தவருக்கு அனுப்பினோம்.

எங்கள் இ.எஸ்.ஐ.யிலும் இதே கதைதான். காய்ச்சலில் படுத்த தொழிலாளி திரும்ப வேலைக்குப் போகவேண்டுமானால் டாக்டர் தகுதிச் சான்று தரவேண்டும். அதுவரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். தப்பாக எழுதினால் ஏன் என்று கேட்க மேலே ஆள் உண்டு. ஆகவே எங்கள் டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

இன்னும் பழசு ஒன்று. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், வளரிளம் பருவத்துப் பிள்ளை ஆலைக்குள் வேலைக்கு வரவேண்டுமானால் சான்றளிக்கும் மருத்துவர் பரிசோதித்துத் தகுதிச் சான்று தரவேண்டும் என்றது. சான்று 12 மாதத்துக்குத்தான் செல்லும். அந்த மருத்துவருக்கு ஆலையில் பங்கு, லாபம் எதுவும் இருக்கக்கூடாது. சான்றுக்குக் கட்டணம் உண்டென்றால் ஆலை முதலாளிதான் கட்டவேண்டும், பிள்ளையிடமோ பெற்றோரிடமோ வாங்கக்கூடாது. சட்டப்படி எல்லாம் நடந்ததா என்று கேட்காதீர்கள். விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போன சின்னப் பிள்ளைகளை நாமெல்லாம் பார்த்தவர்கள்தான். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று சொன்ன பிறகுதான் பலருக்குச் சட்டம் கண்ணில் பட்டது. கையைக் கடித்தால்தான் கண் தெரியும் போலிருக்கிறது. எப்படியிருந்தாலும் எழுத்திலாவது அந்த நியாயம் இருந்தது. இன்றைக்குக் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குகிறார்கள். அதில் ஆடாத பிள்ளையின் பணமும் உண்டு. ஆனால் கல்லூரிக்குக் கோப்பை வாங்கித்தரப் போகிற பிள்ளை, டாக்டருக்குத் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும்!

படித்தவர்கள் சிலர் என்னிடம், "இ.சி.ஜி. எல்லாருக்கும் எடுக்கணுமா வேண்டாமான்னு உலகத்துலயே இன்னும் முடிவாகலையே அண்ணாச்சி" என்கிறார்கள். வாஸ்தவம். இத்தாலியில் 1982-இல் இருந்து போட்டிகளில் ஆடுகிறவர்களுக்குப் பரிசோதனை கட்டாயம், இ.சி.ஜி.யும் சேர்த்து. அங்கே வெனெட்டோ மாநிலத்தில் 1979 முதல் 2004 வரை கணக்கெடுத்தார்கள். வருடத்துக்கு லட்சம் விளையாட்டு வீரர்களில் 3.6 பேர் திடீரென்று இறந்துகொண்டிருந்தது 0.4 ஆகக் குறைந்தது. இஸ்ரேலும் 1997-இல் இதேபோல் சட்டம் போட்டது. அங்கே பின்னால் பார்த்த ஆய்வில் பெரிய மாறுதல் தெரியவில்லை. அமெரிக்காவில், எல்லாருக்கும் இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லாதவனையும் நோயாளி ஆக்கிவிடும் என்று தயங்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய இருதய சங்கம் 14 அம்சங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறது. ஆடும்போது நெஞ்சுவலி வருமா, மயக்கம் வந்ததுண்டா என்பது போன்று அவனைப் பற்றி ஏழு, குடும்பத்தைப் பற்றி மூன்று, டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டியவை நான்கு. அந்த நான்கில் நெஞ்சில் இரைச்சலும் ரத்த அழுத்தமும் உண்டு. அவர்கள் இ.சி.ஜி.க்காகச் சண்டை போடட்டும். அந்தச் சண்டையில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒருவராவது, பிள்ளையைத் தொடாமல் கையெழுத்துப் போடலாம் என்று வாதாடுகிறாரா? அந்தக் கட்சி நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது.

பரிசோதனை செய்துவிட்டால் எதுவுமே நடக்காது என்றும் நான் சொல்லவில்லை. டென்மார்க் புட்பால் வீரர் எரிக்சன் வருடா வருடம் பரிசோதிக்கப்பட்டவர்தான். 2021 ஜூன் 12-ஆம் தேதி கோபன்ஹேகனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின்அதிர்வுக் கருவி மைதானத்திலேயே இருந்தது, பிழைத்தார். அதற்குப் பிறகு இருதயத்தில் கருவி பொருத்திக்கொண்டு ஆட இத்தாலியில் அனுமதி இல்லை. இங்கிலாந்துக்குப் போய் ஆடினார். அங்கே தகுதி என்ற வார்த்தைக்கு ஒரு எடை இருக்கிறது பாருங்கள். நம் நாட்டில் 2004 டிசம்பர் 5-ஆம் தேதி பெங்களூரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டாவது கோல் போட்ட மாத்திரத்தில் மோதி விழுந்தார், பிழைக்கவில்லை. மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று அப்போது பெரிய சத்தம் எழுந்தது. தேசிய அளவு ஆட்டத்தின் கதி அது. நம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கும் கிரவுண்டுகளில் முதலுதவி என்றால் இன்றும் ஐஸ் ஸ்பிரேயும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் தண்ணீரும்தான். சித்திரை வைகாசி வெயிலில், கரிசல் மண் அனல் கக்கும்போது அந்தக் குளுக்கோஸ் தண்ணீரும் கொதிக்கும்.

அரசாங்கமும் இதற்கு விலக்கில்லை. போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஓட்டம் முதலில், மருத்துவப் பரிசோதனை கடைசியில். ஓடி ஜெயித்தவனைத்தான் ஓடத் தகுதி உண்டா என்று பார்க்கிறார்கள்! 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். பத்துக்கும் மேற்பட்ட வாலிபர்கள் செத்துப்போனார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. உண்மையாகவே பரிசோதித்தால் சில பிள்ளைகள் "தகுதி இல்லை" என்று வருவார்கள். நம் பகுதியில் விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த பையனுக்கு அந்த ஆட்டம்தான் பீஸ், அதுதான் ஹாஸ்டல் சாப்பாடு. அப்பா பட்டாசு ஆபீசில், அம்மா வீட்டில் குழாய் சுற்றுகிறாள், இவன் லீவு நாளில் வேலைக்குப் போய்விட்டு மறுநாள் விடிகாலை வெறும் வயிற்றோடு கிரவுண்டில் நிற்கிறான். நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால் சீட்டே போய்விடும் என்றால் எவன் சொல்வான்? நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். ஆகவே முதல் விதி இதுவாக இருக்க வேண்டும்: உடம்பு காரணமாக ஆட்டத்தை நிறுத்தினால் சீட்டும் சலுகையும் அப்படியே தொடரும். இதை எழுதித் தராத கல்லூரி என்ன கேள்வி கேட்டாலும் பொய்ப் பதில்தான் வரும். பெண் பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி. அவளை வீட்டில் உட்கார வைக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு பெரிய டாக்டர் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் நிரந்தரமாக நிறுத்தக்கூடாது.

என் பேத்தி விஷயம் அப்படித்தான் ஆக இருந்தது. கையெழுத்து வாங்கிய மறுவாரம் எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா கேட்ட கேள்விகள் பாரத்தில் இல்லாதவை. காலையில் என்ன சாப்பிட்டாய், மாதவிலக்கு எத்தனை நாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குமா. கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், மொத்தம் இரண்டு வினாடி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவள் ஒன்றும் அதிசயமில்லை. கிரவுண்டில் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் "சோம்பேறி" என்று திட்டு வாங்கியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் மகள் உடனே, "அப்பா, வாலிபாலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். டாக்டரம்மா, "ஆட வேண்டாம்னு நான் சொல்லலையே, மூணு மாசம் பொறுங்கன்னுதான் சொல்லுதேன்" என்றார். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே. தீபாவளி கழித்துப் பார்த்தபோது 11.6. இப்போது ஆடுகிறாள், என் வலது தோளும் அவளுக்குப் பந்து போட்டே வலிக்கிறது.

பெரிய செலவுக் கணக்கு ஒன்றும் இதில் இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று. முன்பு போல எதற்கெடுத்தாலும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் எல்லா டீமும் சேர்த்து சில நூறு பிள்ளைகள் இருப்பார்களா? அட்மிஷன் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை டாக்டர் குழுவை வரவழைத்தால் பிரஷர், நெஞ்சு, கண் இமை, ரத்தம் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். சந்தேகம் உள்ளவர்களுக்கு இ.சி.ஜி., எக்கோ. செலவை விளையாட்டுக் கட்டணத்தில் எழுதட்டும். பி.டி. சாருக்கும் நான்கு மாணவர்களுக்கும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற பயிற்சி கொடுக்க ஒரு மதியம் போதும். நாக் கமிட்டி வருகிறதென்றால் ஒரே வாரத்தில் கட்டடத்துக்கே வெள்ளையடிக்கத் தெரிகிறதே.

கல்லூரி செய்கிற வரைக்கும் காத்திருக்காமல் நான் அந்தக் கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவும் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். பேரன் பேத்தி டீமில் ஆடுகிறவர்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்துக்குப் போகும்போது பாரத்தோடு சேர்த்து டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிள்ளைகளே நிரப்பிவிடுவார்கள். குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன்னால் திடீரென்று இறந்தவர்கள் யார் யார் என்ற கட்டத்தை மட்டும் அவர்களால் நிரப்ப முடியாது. அந்தச் சித்தப்பா, அந்த அத்தை பெயரெல்லாம் அவர்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.